இன்னாரின் மனைவி, வயது சுமார் 25

வேதபகுதி: எஸ்றா 2:59–63



சென்ற மாதம் ஒரு புதன்கிழமை காலையில், சிதம்பரத்திலிருந்து ஒரு தாயும் மகளும் ஆலய அலுவலகத்துக்கு வந்தார்கள். தாயாருக்கு வயது எழுபதை நெருங்கியிருக்கும். மூன்று வயதில் தம் தாயை இழந்தவர். தகப்பனார் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை கிடைத்துக் குடிபெயர்ந்து, மறுமணம் செய்துகொண்டு, பழையவற்றைப் பேசாமலே காலமாகிவிட்டார். "அம்மாவை வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்களாம் ஐயா. ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்கும் அல்லவா? அது எனக்குத் தெரியாது. அடக்கம் இங்கேதான் நடந்தது என்று அத்தை சொல்லியிருக்கிறார்" என்றார்.

1961ஆம் ஆண்டின் அடக்கப் பதிவேட்டை எடுத்தேன். அரை மணி நேரம் தேடியபின் அவருடைய தகப்பனாரின் பெயர் கண்ணில் பட்டது. அந்த வரியில் இருந்தது இவ்வளவே: இன்னாரின் மனைவி, வயது சுமார் 25, காய்ச்சல். பிறகு அடக்கத் தேதி, போதகரின் கையொப்பம். பெயர் இல்லை.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த ஒரு மகளிடம் அந்த வரியை வாசித்துக் காட்டுவது எனக்கு எளிதாயிருக்கவில்லை. அவர் அழவில்லை. "தேதியாவது கிடைத்ததே" என்றார். இன்னும் தேடிப் பார்க்கலாம் என்று சொல்லி அவர்களை அனுப்பிவைத்தேன். அன்று மாலை, நான் ஊழியத்துக்கு வந்த முதல் ஆண்டுகளில் என் கைப்பட எழுதிய அடக்கப் பதிவுகளை எண்ணிப் பார்த்தேன். மூன்று இடங்களிலாவது நானும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். மழை வரும் முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில், கணவனின் பெயர் போதும், மற்றதைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டது. அந்தப் பிறகு வரவே இல்லை. ஆகவே 1961இல் கையொப்பமிட்ட அந்தப் போதகரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை.

இவ்வாரம் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது இதுதான். அடக்கப் பதிவேட்டை எழுதுவதும் காப்பதும் திறந்து காட்டுவதும் அலுவலக வேலையன்று, ஊழியம். தம் குடும்பத்தில் மரித்தோரைத் தேடி எழுதிவைப்பது விசுவாசிக்கு வீண் பொழுதுபோக்கன்று. இதற்கு மறுப்பு உண்டென்று அறிவேன். வம்ச வரலாறுகளில் காலம் கழிக்க வேண்டாமென்று பவுல் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதினாரே என்று மூப்பர் ஒருவர் என்னிடமே கேட்டார். பவுல் தடுத்தது வாக்குவாதத்தை வளர்க்கும் வம்ச வரலாறுகளை. யார் உயர்ந்த குலம் என்று நிறுவுவதற்காகத் தேடுகிறவருக்கு அந்த எச்சரிப்பு இன்றும் பொருந்தும். ஆனால் மத்தேயு தம் சுவிசேஷத்தைத் தொடங்குவதே ஒரு வம்ச அட்டவணையில்தான். அதிலும் தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் பெயரிட்டு எழுதியவர், பத்சேபாளிடம் வந்தபோது மட்டும் பெயரை விட்டு உரியாவின் மனைவி என்று எழுதினார். அங்கே அந்த மௌனத்துக்கு ஒரு காரணம் உண்டு. தாவீதின் பாவத்தை நாம் மறவாதிருக்கவே அப்படி எழுதினார் என்பர். நம் பதிவேடுகளில் உள்ள மௌனத்துக்கோ காரணம் எதுவுமில்லை, அசட்டை ஒன்றைத் தவிர.

இன்றைய வேதபகுதிக்கு வாருங்கள். பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள் சில ஆசாரியக் குடும்பத்தார் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆசாரிய ஊழியத்திலிருந்து அவர்கள் நீக்கப்பட்டார்கள். ஊரீம் தும்மீமுள்ள ஒரு ஆசாரியன் எழும்பும்வரை காத்திருக்கும்படி அதிபதி சொன்னார். காகிதம் இல்லாததால் பிழைப்பை இழந்தவர்களின் கதை இது. வட்டாட்சியர் அலுவலக வாசலில் வாரிசுச் சான்றிதழுக்காக நின்ற எவருக்கும் இது புரியும். நீக்கப்பட்ட குடும்பங்களுள் கோசின் வம்சமும் ஒன்று. நெகேமியா 3ஆம் அதிகாரத்தில், எருசலேமின் அலங்கம் கட்டப்படும்போது, அதே வம்சப் பெயரைத் தாங்கிய மெரெமோத் என்பவன் ஒரு பங்கையல்ல, இரண்டு பங்கைப் பழுதுபார்த்துக் கட்டுகிறான். எஸ்றா 8இல் உரியாவின் குமாரனாகிய மெரெமோத் என்னும் ஆசாரியனின் கையில்தான் ஆலயத்தின் வெள்ளியும் பொன்னும் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன. இருவரும் ஒருவரே என்று கொண்டால், ஏடு கிடைக்காத அந்தக் குடும்பத்தின் கதை அந்த இடத்தில் முடிந்துவிடவில்லை.

இனி, தேடுகிறவர்கள் எங்கே தேடுவது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பலர் தவறான வாசலில் நின்று காலத்தை இழக்கிறார்கள்.

முதலில் உங்கள் வீட்டிலிருந்தே தொடங்குங்கள். பழைய வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாள்கள், பாமாலைப் புத்தகத்துள் செருகிய அடக்க ஆராதனைத் தாள், செய்தித்தாளில் வந்த நினைவஞ்சலி விளம்பரத்தின் கத்தரித்த துண்டு, இறுதிச்சடங்குக்காக அச்சிட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகிய இவையே நம் ஊர்களில் மரண அறிவிப்பின் வடிவங்கள். சுவரொட்டி மழையில் கரைந்துவிடும். ஆனால் அச்சகத்திலிருந்து வந்த மிஞ்சிய பிரதிகள் எந்த வீட்டுப் பரணிலும் இரண்டு மூன்று கிடக்கும். அதில் மகன், மருமகன், சம்பந்தி என்று உறவுகளெல்லாம் ஊர்ப்பெயரோடு அச்சாகியிருக்கும். ஒரு குடும்ப மரத்தின் பாதியை அந்த ஒரு தாளிலிருந்தே வரைந்துவிடலாம். லுத்தரன் குடும்பத்தார் தங்கள் முன்னோர் உபதேசியாராகவோ ஆசிரியராகவோ இருந்திருப்பின் அருணோதயம் போன்ற சபைப் பத்திரிகைகளின் பழைய இதழ்களையும் பாருங்கள்.

அடுத்து அரசுப் பதிவு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு, தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பதிவுகள் உண்டு. 1899ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்டவை. கிராமங்களில் கிராம முன்சீப்பு எழுதினார். பரம்பரைப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபின் அந்தப் பொறுப்பு கிராம நிர்வாக அலுவலருக்கு வந்தது. பழைய கிராம ஏடுகளுக்கு வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்க வேண்டும். 2018 முதலான பதிவுகளின் சான்றிதழை இணையத்திலேயே பெறலாம். மாவட்டப் பெயரிலும் கவனம் வேண்டும். கடலூர் மாவட்டம் என்பது 1993 செப்டம்பர் 30இல் பிறந்தது. அதற்கு முந்தைய எந்த ஏட்டிலும் நாம் தென் ஆற்காடு மாவட்டத்தார். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதுகிறவர்கள் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது வேறோர் இடத்தில். மரணம் பதிவாவது மரித்தவர் வாழ்ந்த ஊரிலன்று, மரித்த ஊரில். கடலூரார் எத்தனை பேர் புதுச்சேரி ஜிப்மரில் கண்மூடினார்கள்! அவர்களுடைய பதிவு கடலூரில் இராது. அடுத்த ஆட்சிப்பகுதியான புதுச்சேரியில் இருக்கும். சிதம்பரத்தாருக்கும் இதே சிக்கல் உண்டு. ராஜா முத்தையா மருத்துவமனை அண்ணாமலை நகரில் உள்ளது. அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. நகராட்சியில் தேடிவிட்டு இல்லையென்று திரும்பியவர் அங்கே போய்ப் பார்த்தாரா என்று நான் எப்போதும் கேட்பேன்.

எங்குமே பதிவில்லையென்றால், பதிவு இல்லை என்பதற்கே ஒரு சான்று பெற வேண்டும். ஓராண்டு கடந்த மரணத்தைப் புதிதாகப் பதிவு செய்ய, 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப்பின், மாவட்ட அல்லது கோட்ட அளவிலான நிர்வாக நடுவரின் ஆணை தேவை. அந்த விசாரணையில் ஆலயத்தின் அடக்கப் பதிவு ஒரு துணை ஆதாரமாகும். அது இறப்புச் சான்றிதழுக்கு மாற்று அன்று. ஆனாலும் வேறெதுவும் இல்லாதவருக்கு அதுவே எல்லாம். சபையின் அலமாரியில் கரையான் ஏறினால் யாரோ ஒருவருடைய வீட்டுப் பத்திரம் முடங்குகிறது என்று நான் சபைச் சங்கத்தில் வற்புறுத்துவது இதனால்தான். 2011 டிசம்பர் 30இல் தானே புயலையும் 2015இல் பெருவெள்ளத்தையும் கண்ட ஊர் இது. நம் ஏடுகள் இன்னும் தரைமட்டத்து அறையில்தான் இருக்கின்றன.

அரசு ஏட்டில் மரணத்தின் காரணம் எழுதப்பட்டிருந்தாலும், கேட்டு வாங்கும் நகலில் அது வெளியிடப்படாது, சட்டமே அப்படித்தான். ஆலய ஏடுகள் அந்த மறைப்பை அறியாதவை. வாந்திபேதி, பேறுகாலம், அம்மை என்று நேராகவே எழுதியிருப்பார்கள். ஒரே குடும்பப் பெயர் ஒரே வாரத்தில் நான்கு முறை வரும் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைத் தனியே வாசிக்காதீர்கள். வீட்டார் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலய ஏடுகளைத் தேடுகிறவர் தம் குடும்பம் எந்த மிஷனின் வழிவந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். கடலூரில் எஸ்.பி.சி.கே. சங்கத்தின் ஆதரவில் ஊழியம் தொடங்கிய ஆண்டு 1737. கத்தோலிக்கர் அதற்கும் மூத்தவர். அவர்களுடைய பழைய ஏடுகள் இலத்தீனில் இருக்கக்கூடும். பின்னர் லீப்சிக் மிஷன் வந்தது. சாதி விஷயத்தில் அந்த மிஷனோடு உடன்படாமல் விலகிய கார்ல் ஓக்ஸ், 1860களில் மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் மிஷனின் ஊழியத்தைத் தொடங்கினார். ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது. முன்னோர் புதுச்சேரியிலோ காரைக்காலிலோ பிரெஞ்சு ஆட்சியின்கீழ் வாழ்ந்தவராயின், அங்கே நடந்த குடிமைப் பதிவுகளின் படிகள் தென் பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; பலவற்றை இணையத்திலேயே வாசிக்கலாம்.

இங்கே ஓர் அநீதியைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கினார்கள். அவர்களுடைய குருமார் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்றும் அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் அவர்கள் வழிவந்தோரும். கல்லறைக் கற்களையும்கூட ஜே. ஜே. காட்டன் என்னும் அதிகாரி மாகாணம் முழுவதும் தொகுத்து 1905இல் நூலாக வெளியிட்டார். ஆக, கடலூரில் மாண்ட ஓர் ஆங்கிலச் சிப்பாயின் கொள்ளுப்பேரன் லண்டனில் அமர்ந்தபடியே அவனைக் கண்டுபிடிக்கலாம். அவனுக்குச் சோறாக்கிய தமிழ்க் கிறிஸ்தவனின் பேரனுக்கோ ஒரு கரையான் அரித்த ஏடுதான் உண்டு, அதுவும் இருந்தால். கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவரே தரங்கம்பாடியில் ஆரோன் ஆகி, 1733 டிசம்பர் 28 அன்று குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்டு திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். 1745இல் மரித்த அவரைப்பற்றி அறிய நாம் நாடவேண்டியது ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் அச்சான ஜெர்மன் மொழி அறிக்கைகளை. போதகராயிருந்ததால் அவருக்கு அதுவாவது கிடைத்தது.

இதைவிட என்னை வெட்கப்படுத்துவது வேறொன்று. 1860 முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். முதல் கப்பலான ட்ரூரோ 342 பேரோடு சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், வட்டம், கிராமம், உடலின் அடையாளத் தழும்பு எல்லாம் எழுதப்பட்டன. பெண்களுக்கும் அவ்வாறே. எவரும் தப்பியோடிவிடக் கூடாதென்ற எண்ணத்தில், அன்பில்லாமல் எழுதிய பட்டியல் அது. இருந்தும் டர்பனில் வாழும் கொள்ளுப்பேத்தி தன் பாட்டியின் பெயரையும் ஊரையும் அதில் கண்டுகொள்கிறாள். அன்பின் பெயரால் நடந்த நம் அடக்க ஆராதனையின் ஏட்டில் "இன்னாரின் மனைவி" என்று மட்டும் இருக்கிறது.

பெயரில்லாமல் புதைப்பது எப்படிப்பட்டதென்று நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள் ஞாயிறு. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைக் கரைவரை, அடையாளம் காண அவகாசமின்றி ஒரே குழியில் பலர் வைக்கப்பட்டார்கள். உடல் கிடைக்காதவர் ஏழாண்டுகளுக்குப் பின்னரே இறந்தவராகக் கருதப்படுவார் என்னும் வழக்கமான விதியைத் தளர்த்தி, காணாமற்போனோருக்கும் இறப்புச் சான்றிதழ் வழங்க அரசு வழிசெய்தது. அரசுக்கே அந்தப் பதிவின் அவசியம் அன்று புரிந்தது.

ஏட்டைத் திறந்தால் விரும்பாததும் வரும். பல மிஷன் பதிவேடுகளில் சாதியும் ஒரு கட்டமாக எழுதப்பட்டிருக்கிறது. நான் முன்பு ஊழியம் செய்த ஒரு சபையில், அந்தக் கட்டத்தை யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள், ஒரு குடும்பத்துக்கு மட்டும். அதே சபையில் இன்னொருவர் அதே கட்டத்தின் நகலைக் கேட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு வீட்டுக் கூடத்தில் மாட்ட விரும்பினார். முதலாமவருடைய அச்சத்தை என்னால் மன்னிக்க முடிகிறது. இரண்டாமவருக்கு நகல் கொடுத்தேன், அவர் உரிமை அது. ஆனால் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தை வாசித்துவிட்டு மாட்டும்படி சொன்னேன். மாட்டினாரா என்று பின்னர் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் எந்த மூலையில் யார் புதைக்கப்பட்டார், யார் மதிலுக்கு வெளியே என்பதையும் ஏடு சொல்லிவிடும். அழிப்பதற்கு நமக்கு அதிகாரமில்லை. செய்தவர்கள் நம் முன்னோர். அதை வாசிப்பதும் நம் பங்குதான்.

வரும் மாதம் முதல் நம் சபையில் அடக்கப் படிவம் மாறுகிறது. மரித்தவரின் ஞானஸ்நானப் பெயர், வீட்டில் வழங்கிய பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், பிறந்த ஊர், மரித்த ஊர். பிறந்த சில மணி நேரத்தில் மரித்த சிசுவுக்கும் பெற்றோர் மனத்தில் வைத்திருந்த பெயரைக் கேட்டு எழுதுவோம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் பழைய ஏடுகள் அனைத்தையும் பக்கம் பக்கமாகப் படமெடுக்க வாலிபர் சங்கத்தார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பார்க்க விரும்புவோர் ஞாயிறு ஆராதனைக்குப்பின் வாருங்கள். குறிப்பெடுக்கப் பென்சில் கொண்டுவாருங்கள், பேனா வேண்டாம். பாட்டிமார் உள்ள வீட்டார் இவ்வாரமே அவர்களோடு உட்கார்ந்து, அவர்களுடைய தாயாரின் பெயரையும் அவர் தாயாரின் பெயரையும் கேட்டு எழுதிவிடுங்கள்.

சிதம்பரத்து அம்மையாரின் காரியம் இவ்வாறு ஆயிற்று. அவருடைய சொந்த ஞானஸ்நானப் பதிவில் தாயார் பெயர் இருக்கும் என்று தேடினேன். அந்த ஆண்டின் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. பின்பு திருமணத்தை நினைத்தேன். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணப் பதிவின் நகல் அரசுக்கும் போகும். அடக்கப் பதிவுக்கு இல்லாத பாதுகாப்பு அது. ஆனால் அவ்வளவு தூரம் போக நேரவில்லை. திருமணம் பெண்வீட்டார் சபையில், புவனகிரிக்கு அருகே நடந்ததாக அத்தை எப்போதோ சொன்னதை மகள் நினைவுகூர்ந்தார். அங்குள்ள போதகர் இரண்டு நாள் தேடி, அலைபேசியில் ஒரு படம் அனுப்பினார். மணமகளின் பெயர், அவர் தகப்பனார் பெயர், அருகில் மணமகளே தடுமாறி இட்ட கையொப்பம்.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன், அது அவர்களுடையது. தாயும் மகளும் மறுபடி வந்தார்கள். 1961இன் பழைய வரியை நான் திருத்தவில்லை. பதிவேட்டில் எழுதியதை அடிக்கக் கூடாது. ஓரத்தில் குறிப்பெழுத இடமிருந்தது. அம்மையார் தாமே எழுத விரும்பினார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, மீண்டும் அணிந்து, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அதன்கீழ் நான் தேதியிட்டுக் கையொப்பமிட்டேன்.